ரைஸ் குக்கருக்கு லீவு

வீட்டில் எல்லாரும் கடல் தாண்டி ஒரு தீவுக்குச் சுற்றுலா போகிறார்கள் என்ற சேதியைப் பயணப் பெட்டிதான் முதலில் சொன்னது.

"இனி உனக்கு லீவுதான் அக்கா! கடல், தென்னை, மணல் எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

ரைஸ் குக்கருக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமா என்னை விட்டுட்டுத்தான் போறாங்களா?"

"நீச்சல் உடையே வெச்சாச்சு. உனக்கு எங்க இடம்?"

அப்போது பருப்புப்பொடி டப்பா பெட்டிக்குள் போனது. குக்கர் எட்டிப் பார்த்தது.

"பொடி எதுக்குடா?"

"வழியில சாப்பிட."

ஊறுகாய் போனது. பின்னாலேயே நெய்யும் போனது.

"வெறும் ஊறுகாயையா சாப்பிடுவாங்க? யோசிச்சுப் பேசுடா!"

"எதுக்கெடுத்தாலும் உனக்குச் சந்தேகம். தீவுக்குப் போறதே ஓய்வெடுக்கத்தான்."

"யாரு ஓய்வெடுக்க?"

ஒரு பை அரிசி பெட்டிக்குள் தொப்பென்று விழுந்தது. அரிசியை வைத்த வளையல் கை, ஒயரைச் சுருட்டி, குக்கரைத் துண்டில் சுற்றி உள்ளே திணித்தது.

"ஐயோ, கனக்குறியே அக்கா!" என்று முனகியது பெட்டி.

"என் கதையை விடு," என்றது குக்கர். "அந்தக் கைக்கும் லீவுன்னுதான் சொல்லியிருக்காங்க."