பார்க்கிங்கில் ஒரு மரண தண்டனை

“ஒரு உயிரை எடுக்கிற அதிகாரம் கடவுளுக்கும் சட்டத்துக்கும் மட்டும்தான் உண்டு!” என்று முழங்கினார் தலைவர்.

கடவுள் வரவில்லை. சட்டம் மட்டும் குடியிருப்போர் சங்கத்து உறுப்பினர்களாகப் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்ட தெருநாய், ஸ்கூட்டருக்கடியில் படுத்து, பிள்ளைகள் போட்ட ஒற்றை பிஸ்கட்டை நக்கி நக்கிக் கரைத்துக்கொண்டிருந்தது.

தலைவர் கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். சாட்சியும் அவர், தடயமும் அவர், நீதிபதியும் அவரே.

“படிக்கட்டுல லைட் எரியல. இருட்டுல வந்து ஆடுசதையைக் கவ்விட்டு ஓடிருச்சு. இந்தக் கட்டடத்துல வேற நாய் ஏது, சொல்லுங்க?”

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து தலைவர் வீட்டுப் பொமரேனியன் அவரைப் பார்த்து உறுமியது.

“அது நாயில்லீங்க, எங்க வீட்டுப் பிள்ளை” என்றார் தலைவர், யாரும் கேட்காமலே.

செயலாளர் அம்மா எழுந்தார். “மரண தண்டனையே காட்டுமிராண்டித்தனம் சார். நாளைக்குத் தப்புன்னு தெரிஞ்சா, போன உயிரைத் திருப்பித் தர முடியுமா?”

“தப்புன்னு தோணினா அது அப்பீல் பண்ணிக்கட்டும்!” என்றார் தலைவர்.

“இப்படித் தண்டிச்சாத்தான் மத்த நாய்ங்களுக்கும் பயம் வரும்” என்றார் பொருளாளர்.

“எப்படிங்க வரும்? நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்களா?” என்றார் செயலாளர் அம்மா.

அறம், கருணை, மனித உரிமை, நாய் உரிமை என்று ஒரு மணி நேரம் அனல் பறந்தது. யாரும் ஸ்கூட்டருக்கடியில் குனிந்து பார்க்கவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். சொறிவதற்காகத் தூக்கிய கையையும் சேர்த்து, தண்டனை உறுதியானது.

“சரி, வலிக்காத ஊசியா போடச் சொல்லுங்க” என்று தன் கொள்கையை அத்துடன் முடித்துக்கொண்டார் செயலாளர் அம்மா.

கால்நடை மருத்துவர் வந்தார். நாய் அவருக்கும் வாலாட்டியது. ஊசி இறங்கியதும் வால் மெல்ல நின்றது. பக்கத்தில் பாதி பிஸ்கட் மிச்சமிருந்தது.

“உங்களைக் கடிச்சது இதுதானா சார்?”

“கண்ணால பார்த்த சாட்சி நான் இருக்கேன் டாக்டர். என்ன சந்தேகம்?”

மருத்துவர் நாயின் வாயைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒரு பல்கூட இல்லை.