வரேன்

பேச்சைக் கேட்டு விளக்கு, ஏசி எல்லாவற்றையும் இயக்கும் புரோகிராம் ஒன்றை, தன் வீட்டுக்கு வேண்டிய மூளையை, முகிலன் தானே எழுதினான். அதைக் கடையில் வாங்குகிறவர்கள் எல்லாம் அவனுக்கு மடையர்கள். ஆனால் அவன் மனைவி தாட்சாயணி காலையில் ஆபீஸ் கிளம்பும்போது "வரேன்" என்றால் போதும், அவள் திரும்பி வந்துவிட்டதாக நினைத்து அந்த மேதாவி வீடு ஏசியைப் போட்டுக் காபியும் கலந்து வைத்துவிடும்.

"கிளம்பறப்போ போறேன்னு சொல்லித் தொலையேன்."

"வாசல்ல நின்னு யாராவது அப்படிச் சொல்வாங்களா? உங்க புரோகிராமை மாத்துங்க."

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு. உன் தமிழ்தான் தப்பு."

விருந்துக்கு வந்துவிட்டு "வரேன்" என்று கிளம்பிய மாமியாரையும் வாசலில் நிறுத்தி இதே பாடத்தை நடத்தினான். அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாட்சாயணி தன் துணிமணிகளையெல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகிலன் கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போறேன்" என்றாள்.

அவள் அறையின் விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. அவளுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. "வீட்டில் இனி ஒருவர்" என்று வீடு அறிவித்தது.

முகிலன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். நண்பர்கள் குழுவில் உடனே எழுதினான்:

"புரோகிராம் ஒருவழியா வேலை செஞ்சிருச்சுடா."