ஆளில்லாத கோல்

துறைமுக அணி வரவில்லை. வசூலில் பாதி தராவிட்டால் ஆடமாட்டோம் என்று சொன்னபடியே செய்துவிட்டார்கள். அவர்களைப் பார்க்கத்தான் கேலரி நிரம்பியிருந்தது. "அவனுவ இல்லாமலும் லீக் நடக்கும்" என்ற செயலாளர் ததேயுஸ், விதிப்படி முடிக்கச் சொன்னார். வராத அணியின் கோலுக்குள் எதிரணி ஒரு பந்தை அடித்துவிட்டால் வெற்றி அவர்களுக்கு.

எதிரணியின் ஜெரோம் பந்தை வைத்தபோது, துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் சிலுவைமுத்து கேலரியிலிருந்து இறங்கிவந்து கோலுக்குள் நின்றார். "நான் கோல்கீப்பர் இல்ல. பந்துல கை வைக்கமாட்டேன்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜெரோம் ஓரமாகத்தான் அடித்தான். அவர் பாய்ந்து முகத்தைக் கொடுத்தார். மூக்கு உடைந்தது. அடுத்த பந்தில் இரண்டு பற்கள் புல்லில் விழுந்தன.

"தள்ளிப் போங்கண்ணே. எனக்கு அடிக்க மனசு வரல்ல" என்றான் ஜெரோம்.

"அடிலே மக்கா. எங்க பயலுவ வராம இதுக்குள்ள பந்து போவாது."

மூன்றாவது பந்துக்குப் பிறகு அவர் எழவில்லை. அவரைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே கிடத்துவதற்குள், மீன் விற்கும் புஷ்பலீலா அந்த இடத்தில் கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தாள். அவளுக்கு அடுத்து நிற்க, கேலரிப் படிகளில் சத்தமில்லாமல் ஒரு வரிசை நீண்டது.

வாசலில் டிக்கெட் கிழிப்பவன் ஓடிவந்தான். "சார், விஷயம் கேட்டு ரோடு பூரா ஆள். எல்லாரும் டிக்கெட் கேக்காவ. குடுக்கட்டா?"

ததேயுஸ் அந்த வரிசையைப் பார்த்தார். ஜெரோமின் பூட்ஸில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"குடு," என்றார். "ஆட்டம் இன்னும் முடியல்ல."

நடுவர் விசில் ஊதினார்.