நாற்சந்தியில் ஒரு ஜெபம்

ஊர் என்று ஒன்று இருந்தால் ரொட்டிக்கடை என்று ஒன்று இருக்கும்தானே. அப்படி ஒரு ஊரில், அப்படி ஒரு கடை. கடைக்கு ஒரு முதலாளியம்மா, ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு டிரைவர்.

டிரைவரை எல்லாரும் 'ஆமென்' என்றுதான் கூப்பிடுவார்கள். சபையில் யார் ஜெபித்தாலும் முடிவில் கூரை அதிர அவன் குரல்தான் கேட்கும்.

அந்த ஆமெனுக்கு இன்றைக்கு வேலை போகப்போகிறது.

"தினம் தினம் லேட்டும்மா!" ஓட்டல்காரர் நேற்றே போனில் கத்திவிட்டார். "ரொட்டி வர்றதுக்குள்ள சாப்பிட வந்தவங்க எழுந்து போயிடறாங்க. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேற கடைதான்."

முதலாளியம்மா ஆண்டவரிடம் கேட்காமல் எதையும் செய்வதில்லை. எந்த மில்லில் மாவு வாங்குவது, புது அடுப்பு இப்போதா அப்புறமா, எல்லாமே முழங்காலில் நின்று கேட்டவைதான். பதிலும் பளிச்சென்று வந்துவிடும்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மேலிடம் மௌனம்.

அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு அக்காவும் அவளும் வாய் தடித்துப் பேசிவிட்டார்கள். அதோடு போக்குவரத்து நின்றது. "நானாப் போகணுமா, அவளா வரட்டும்னு இருக்கணுமா? நீரே சொல்லும் ஆண்டவரே!" என்று ஞாயிறுதோறும் சபையில் எழுந்து நின்று கண்ணீர் விடுவாள். ஆமென், ஆமென் போடுவான்.

டிரைவர் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. நேற்று ராத்திரி கேட்டாள், உடனே பதில் வந்தது: ஆளை மாற்று.

இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுச் சொல்லலாமே என்று, விடிந்ததும் வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆமெனுக்கு வாயெல்லாம் பல்.

"அம்மா, நீங்களா? நீங்களே வர்றீங்களா?"

"ஏன், என் வண்டியில நான் ஏறக்கூடாதா?"

"ஏறுங்கம்மா, நல்லா உக்காருங்க. ஸ்தோத்திரம்!"

'சிரி, சிரி. இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

நாற்சந்தி வந்தது. நேரே போனால் ஓட்டல். ஆமென் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

"என்னப்பா பண்றே?"

"ஜெபம்மா. தினமும் இங்க நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவேன்."

"எந்தப் பக்கம் போறதுன்னு கேக்கறியா? ஓட்டல் நேரா இருக்குன்னு ஆண்டவரே இறங்கி வந்து சொல்லணுமா?"

அவன் சிரித்தான். வண்டி வலது பக்கம் திரும்பியது.

"ஓஹோ! தினமும் இந்தப் பக்கம்தானா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருக்கு! நீ ஊர் சுத்தறதுக்கு அவர் பேரு, பெட்ரோலுக்கு என் பேரா?"

சொல்ல வேண்டியதை அவள் நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள். வண்டி நிற்கட்டும், அந்த இடத்திலேயே கணக்கு முடிந்தது.

வண்டி நின்றது. எதிரே ஒரு பச்சை கேட்.

நாக்கு நுனியில் இருந்ததெல்லாம் தொண்டைக்குள் போய்விட்டது. அது அக்கா வீடு.

ஆமென் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தான்.

"அது... உனக்குன்னு கடையில குடுக்கறதாச்சே?"

"எனக்கு ரொட்டி ஆகாதும்மா, வயிறு ஊதிக்கும்." வயிற்றைத் தட்டிக் காட்டினான். "பெரியம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. தனியா வெளிய வர முடியல."

"நான் குடுத்து விட்டேன்னு சொன்னியா?"

"பொய் சொல்வேனாம்மா? கையில குடுப்பேன், அவ்வளவுதான். மோந்து பார்ப்பாங்க, பிட்டு வாயில போடுவாங்க. 'உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், எங்க அம்மா கைப்பக்குவம்'னுவாங்க. அப்புறம், 'என் தங்கச்சி என்னைக்காவது வருவா தம்பி'ம்பாங்க. நான் ஆமென்ம்பேன். பழைய கதை ஆரம்பிச்சா விட மாட்டாங்க. அதான்மா லேட்டாகுது."

முதலாளியம்மா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க என்கிட்ட கேக்கலயேம்மா. மேல கேட்டுட்டு இருந்தீங்க. நடுவுல நான் எப்படிப் பேசறது?"

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "யாரு? ரொட்டித் தம்பியா?"

முதலாளியம்மா அவன் கையிலிருந்த ரொட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா, ஓட்டல்காரர் கத்துவாரே?"

"என்னாலதான் லேட்டுன்னு சொல்லு. நாளைக்கும் லேட்டாகும்னு சொல்லு."

இரண்டடி வைத்தவள் நின்றாள்.

"ஏம்ப்பா, அந்த நாற்சந்தியில தினமும் அப்படி என்னதான் கேப்பே?"

"எந்தப் பக்கம் போறதுன்னு கேட்டதே இல்லம்மா, அது எனக்கே தெரியும். இந்த வண்டியில உங்களை ஒருநாள் ஏத்தி விடும்னுதான் கேப்பேன்."

முதலாளியம்மா ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, பச்சை கேட்டைத் தள்ளி உள்ளே நடந்தாள்.