பேசாத நாளில் வந்த சம்பந்தி

மௌனி அமாவாசைக்குக் கங்கையில் முழுகி வந்த திரிலோசன் பாண்டே, விரதப்படி பொழுது சாயும்வரை பேச மாட்டார். தலையைக்கூட அசைக்க மாட்டார். அந்த நேரம் பார்த்து, மகள் வசுதா விரும்பியும் வேறு சாதி என்று அவர் ஒதுக்கிய அவினாஷின் அம்மா, பெண்ணை நிச்சயிக்கும் திலகத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். வசுதா கதவோரம் வந்து நின்றாள்.

"முனிவரர்னு ஊரே உங்களைக் கூப்பிடுதே சம்பந்தி, அப்படின்னா என்ன?"

"முனின்னா மௌனமா இருக்கிறவர். அவங்கள்ல உசந்தவர் முனிவரர்," என்றாள் அவர் மனைவி சியாமா.

"சரி, பொண்ணு தர ஆட்சேபணை இருந்தா முனிவரர் இப்பவே சொல்லிடட்டும்."

பாண்டே சுவரையே பார்த்திருந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வசுதாவின் நெற்றியில் திலகமிட்டுக் கிளம்பினாள்.

"அடி கள்ளி! நாள் பார்த்துல்ல வரச் சொல்லியிருக்கே!" என்று சியாமா கிசுகிசுத்தாள்.

"நானா? நீதான்னுல்ல நினைச்சேன், அம்மா!"

பொழுது சாய்ந்ததும் பாண்டே தொண்டையைச் செருமினார்.

"என் வாயால சம்மதம் சொல்ல மாட்டேன்னு சாதியை விடாத எங்க அண்ணனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். வேற எந்த நாள்ல நான் அவங்களை வரச் சொல்றது?"