வெறும் கொக்கி

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிட மாட்டார்கள். அண்ணன் ஷாஜன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஆறு வருஷம். தகவலே இல்லை. அவன் செத்துவிட்டான் என்று ஊர் நினைத்துவிடக் கூடாதே என்று டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் ஏறிவிட வேண்டும் என்பதில் அம்மா குறியாக இருந்தாள். தம்பி ஜெபின் அதை வாசலில் மாட்டி, விளக்கு எரிவதைப் படமெடுத்து, நாலு வரி எழுதி ஃபேஸ்புக்கில் போடுவான். வருஷா வருஷம் முகமில்லாத ஒரு கணக்குதான் முதலில் லைக் போடும். யார் என்று கேட்டால் பதில் வராது. இந்த முறை ஏணியில் நின்றபடியே வெறும் கொக்கியைப் படமெடுத்து, "இந்த வருஷம் எங்கள் வீட்டில் நட்சத்திரம் இல்லை" என்று மட்டும் போட்டான். இரண்டே நிமிஷத்தில் அந்தக் கணக்கிலிருந்து செய்தி வந்தது.

"யாருல? அம்மையா?"

ஏணி ஆடியது. இல்லை என்று எழுதினால் அண்ணன் இன்னும் ஆறு வருஷம் வாயைத் திறக்கமாட்டான். ஆமாம் என்று எழுதினால் அடுத்த வண்டியைப் பிடிப்பான்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த அம்மா நட்சத்திரத்தை நீட்டினாள். "அங்க நின்னு என்னல போன நோண்டுக? சட்டுன்னு மாட்டு மக்கா, நாலு பேரு பாக்கணும்லா."

ஜெபின் ஒரு கையால் நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் 'ஆ' என்ற எழுத்தை மட்டும் தட்டினான்.