சிகிச்சைக்கு முன் எடுத்த படம்

மனைவி இறந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் பெயரில் இருக்கும் சிகிச்சைத் தேதியை ரத்துசெய்ய வந்த பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவமனைக் கணினியின் முன்னால் நிற்கிறார். ஜன்னல் வெயிலில் திரையின் ஒரு பாதி வெளிறிக் கிடக்கிறது. மறுபாதியில் அவள் சிரிக்கிறாள். மேலுதடு மூக்கை நோக்கி ஏற, ஈறு முழுதும் தெரிய, வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஈறுகளின் மேல் நான்கு மில்லிமீட்டர் என்று ஒரு சிவப்புக் கோடு. வீட்டிலுள்ள எல்லாப் படங்களிலும் அவள் வாயைக் கையால் மூடியிருப்பாள். "தாடையில குறையில்ல சார். உதடு கொஞ்சம் கூடுதலா ஏறுது, ஈறு பல்லை மூடியிருக்கு. ஈறைச் சீராக்கி, உதட்டுக்கு ஒரு ஊசி போட்டிருந்தா சரியாகியிருக்கும்," என்கிறாள் மருத்துவரின் உதவியாளரான பெண், தாழ்ந்த குரலில். ஓட்டுநர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுல ஒரு காப்பி எடுத்துத் தாங்கம்மா. எப்படி இவளை இப்படிச் சிரிக்க வெச்சீங்க?" "முழுசாச் சிரிச்சாத்தான் அளவெடுக்க முடியும். அக்கா மாட்டேன்னுட்டாங்க. உங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவாரான்னு கேட்டேன். பஸ் மேடேறுற மாதிரின்னு சத்தத்தோட செஞ்சு காட்டிட்டு, அவங்களே சிரிச்சுட்டாங்க." அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு படத்தை மெல்ல வெளியே தள்ளுகிறது. சூடு ஆறாத தாளை ஓரம் பிடித்து வாங்கிக்கொள்கிறார். "இப்பவும் விடுறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "தெரியலையேம்மா," என்கிறார் அவர். "சொல்ல ஆளில்ல."